கேரவனில் வீட்டு ஃபிரிட்ஜ்: பேனல் எத்தனை வாட் என்று கேட்பதற்கு முன்னால்

நண்பர் ஒருவர் தன் கேரவனில் வீட்டு ஃபிரிட்ஜ் ஒன்றை ஏற்றினார். கூரையில் 200 வாட் சோலார் பேனல். உள்ளே 12 வோல்ட், 100 ஆம்பியர்-மணி லெட் ஆசிட் பேட்டரி. 1,000 வாட் இன்வெர்ட்டர். ஃபிரிட்ஜின் பின்னால் ஒட்டியிருந்த தகட்டில் 120 வாட் என்று போட்டிருந்தது. வீட்டில் பேட்டரியை முழுதாகச் சார்ஜ் செய்துவிட்டுத்தான் கிளம்பினார். முதல் ராத்திரி இரண்டு மணிக்கு இன்வெர்ட்டர் கீச்சென்று கத்தி நின்றுவிட்டது. மறுநாள் பொழுது சாய்ந்த கொஞ்ச நேரத்திலேயே மறுபடியும் அதே கதை.

"பேனல் 200, ஃபிரிட்ஜ் 120. கையில் 80 வாட் மிச்சம் இருக்கணும். அப்புறம் ஏம்ப்பா நிக்குது?" என்று கேட்டார்.

இந்தக் கேள்வியைப் பலரும் கேட்டுப் பார்த்திருக்கிறேன். "எத்தனை வாட் பேனல் போட்டால் ஃபிரிட்ஜ் ஓடும்?" என்று ஆரம்பிப்பார்கள். ஒருவர் 200 என்பார், இன்னொருவர் 800 என்பார், மூன்றாவது ஆள் இதெல்லாம் நடக்காத காரியம் என்பார். மூவரும் தங்கள் அனுபவத்தைத்தான் சொல்கிறார்கள். பிசகு கேள்வியில் இருக்கிறது. 120-ஐயும் 200-ஐயும் பக்கத்தில் வைத்துக் கழித்துப் பார்ப்பதில் அர்த்தமே இல்லை. ஏன் இல்லை என்று புரிந்துவிட்டால் மற்றதெல்லாம் தானாக விளங்கிவிடும்.

வாட் வேறு, வாட்-மணி வேறு

மாடியில் ஒரு தண்ணீர்த் தொட்டி. அதிலிருந்து ஒரு குழாய். குழாயைத் திறந்தால் தண்ணீர் எவ்வளவு வேகமாகக் கொட்டுகிறது என்பது ஒரு விஷயம். நாள் முடிவில் மொத்தம் எத்தனை குடம் செலவானது என்பது இன்னொரு விஷயம். குழாயை அகலத் திறந்து ஐந்து நிமிடத்தில் மூடினால் செலவு குறைவு. நூல் மாதிரி ஒழுகவிட்டு ராத்திரி முழுக்க மறந்துபோனால் தொட்டியே காலி.

வாட் என்பது அந்த வேகம். இந்த நொடியில் மின்சாரம் எவ்வளவு வேகமாகச் செலவாகிறது என்பதைச் சொல்வது. வாட்-மணி என்பது குடக் கணக்கு. 100 வாட் வேகத்தில் ஒரு மணி நேரம் செலவானால் 100 வாட்-மணி. அதே வேகத்தில் பத்து மணி நேரம் என்றால் 1,000 வாட்-மணி. மின் கட்டண ரசீதில் ஒரு யூனிட் என்று வருகிறதே, அது இந்த 1,000 வாட்-மணிதான்.

ஃபிரிட்ஜ் தகட்டில் இருக்கும் 120 என்பது வேகம். அது எத்தனை மணி நேரம் அந்த வேகத்தில் ஓடும் என்று தகடு சொல்லவில்லை. பேனலின் 200 என்பதும் வேகம்தான், அதிலும் நல்ல வெயிலில் எட்டக்கூடிய உச்ச வேகம். எத்தனை மணி நேரம் அந்த வெயில் கிடைக்கும் என்று பேனலில் எழுதியிருக்காது.

ஃபிரிட்ஜ் நாள் முழுக்க ஓடுவதில்லை

ராத்திரி அமைதியாக இருக்கும்போது ஃபிரிட்ஜ் பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். 'டக்' என்று ஒரு சத்தம், அதைத் தொடர்ந்து மெல்லிய உறுமல். பதினைந்து இருபது நிமிடத்தில் மறுபடி 'டக்', உடம்பை ஒருமுறை சிலிர்த்துக்கொண்டு அடங்கிவிடும். உறுமுவது கம்ப்ரசர். ஃபிரிட்ஜின் இதயம் அதுதான். உள்ளே இருக்கும் வெப்பத்தை உறிஞ்சி வெளியே கொண்டுவந்து தள்ளுவது அதன் வேலை. உள்ளே போதுமான அளவு குளிர்ந்ததும் நின்றுவிடும், சூடு ஏறியதும் மறுபடி கிளம்பும். சாதாரணச் சூழ்நிலையில் ஒரு நாளின் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதி வரை ஓடும் என்று வைத்துக்கொள்ளலாம்.

அதனால் 120 வாட் ஃபிரிட்ஜுக்கு 120-ஐ 24-ஆல் பெருக்கி 2,880 வாட்-மணி என்று பயந்துவிட வேண்டாம். நல்ல வழி, ஆற்றல் லேபிளைப் பார்ப்பது. அதில் ஒரு வருடத்துக்கு எத்தனை யூனிட் என்று இருக்கும். 292 யூனிட் என்றிருந்தால் 365-ஆல் வகுத்தால் நாளுக்கு 0.8 யூனிட், அதாவது 800 வாட்-மணி.

ஆனால் லேபிள் எண் சோதனைக்கூடத்தில் அளந்தது. சர்வதேச அளவீட்டு முறையில் 16 டிகிரியிலும் 32 டிகிரியிலும் வைத்து அளக்கிறார்கள். வெயிலில் நிற்கும் வண்டிக்குள் வெப்பம் அதைத் தாண்டி எங்கேயோ போய்விடும். வெளியே எவ்வளவு சூடோ அவ்வளவுக்குக் கம்ப்ரசர் அதிக நேரம் ஓட வேண்டும். அதோடு வண்டியில் ஃபிரிட்ஜை அலமாரிக்குள் இறுக்கமாகச் செருகிவிடுவார்கள். இப்போது வரும் பல ஃபிரிட்ஜ்களில் வெப்பம் வெளியேறும் குழாய்கள் பக்கவாட்டுத் தகட்டுக்கு உள்ளேயே இருக்கின்றன. தொட்டுப் பார்த்தால் பக்கவாட்டில் கதகதவென்று இருப்பது அதனால்தான். அந்தப் பக்கங்களைப் பலகையால் அடைத்துவிட்டால் வெளியே தள்ளிய சூட்டிலேயே ஃபிரிட்ஜ் குளிக்கும். எனவே லேபிள் எண்ணோடு கால் பங்காவது கூட்டிக்கொள்கிறேன். 800 என்பது 1,000 ஆகிறது.

இன்னொன்றும் உண்டு. ஃப்ராஸ்ட் ஃப்ரீ வகை ஃபிரிட்ஜில் பனிக்கட்டி படியாமல் இருக்க உள்ளே ஒரு ஹீட்டர் வைத்திருப்பார்கள். அது அவ்வப்போது கால் மணி, அரை மணி நேரம் எரியும். பல மாடல்களில் அது கம்ப்ரசரைவிட அதிக வாட் இழுக்கும். டைரக்ட் கூல் வகையில் இந்த ஹீட்டர் கிடையாது. படியும் பனியை நாம்தான் உருகவிட்டுத் துடைக்க வேண்டும். வண்டிக்கு எது என்று கேட்டால், துடைக்கும் வேலைக்குச் சலிக்காதவருக்கு டைரக்ட் கூல் என்றே சொல்வேன்.

இதுவரை வந்த சேதி இவ்வளவுதான்: தகட்டு வாட் முக்கியமில்லை, நாளுக்கு எத்தனை வாட்-மணி என்பதே முக்கியம். நம் உதாரண ஃபிரிட்ஜுக்கு அது சுமார் 1,000.

ஃபிரிட்ஜை ஓட்டுவது பேனல் அல்ல

கம்ப்ரசர் எப்போது கிளம்பும் என்று யாரும் சொல்ல முடியாது. மேகம் மூடிய நேரத்திலும் கிளம்பும், நடுச்சாமத்திலும் கிளம்பும். ஆகவே ஃபிரிட்ஜை நேரடியாக ஓட்டுவது பேட்டரிதான். பேனலின் வேலை, பேட்டரியிலிருந்து போனதைப் பகலில் நிரப்பிவைப்பது. மாடித் தொட்டியும் மோட்டாரும் மாதிரி: மோட்டாரை நாளுக்குக் கொஞ்ச நேரம்தான் போடுகிறோம், தண்ணீரோ நாள் முழுக்கத் தேவைப்படுகிறது.

இப்படிப் பார்த்தால் ஒரே கேள்வி மூன்றாகப் பிரிகிறது. கம்ப்ரசர் கிளம்பும் ஒரு நொடியைத் தாங்க முடியுமா? அது இன்வெர்ட்டரையும் வயரையும் பொறுத்தது. ஒரு ராத்திரியைத் தாண்ட முடியுமா? அது பேட்டரியைப் பொறுத்தது. செலவானதை ஒரே பகலில் மீட்க முடியுமா? அது பேனலைப் பொறுத்தது. நொடியில் தோற்றவர் பேனல் வாங்கிப் போடுவதையும், பகலில் தோற்றவர் பேட்டரி வாங்கிப் போடுவதையும் பார்த்திருக்கிறேன். மனசு அடித்துக்கொள்ளும்.

இன்வெர்ட்டர்: இரண்டு பொருளுக்கு ஒரே பெயர்

பேட்டரி தருவது டிசி மின்சாரம், ஒரே திசையில் ஓடுவது. வீட்டு ஃபிரிட்ஜ் கேட்பது ஏசி மின்சாரம், நொடிக்கு 50 அல்லது 60 முறை முன்னும் பின்னும் அலைவது, அதுவும் பல மடங்கு அதிக வோல்ட்டில். பேட்டரியின் 12 வோல்ட்டை வாங்கி அந்த ஏசியாக மாற்றித் தரும் பெட்டிதான் இன்வெர்ட்டர்.

குழப்பம் எங்கே வருகிறது என்றால், கடையில் 'இன்வெர்ட்டர் ஃபிரிட்ஜ்' என்றும் விற்கிறார்கள். "ஃபிரிட்ஜிலேயே இன்வெர்ட்டர் இருக்காமே, அப்புறம் தனியா எதுக்கு?" என்று கேட்பவர்கள் நிறையப் பேர். அந்த ஃபிரிட்ஜுக்குள் இருப்பது கம்ப்ரசரின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் மின்னணுச் சுற்று. பழைய வகைக் கம்ப்ரசருக்கு ஓடு, நில் என்ற இரண்டே நிலைதான். இன்வெர்ட்டர் கம்ப்ரசர் தேவைக்கேற்ப மெதுவாகவும் ஓடும், வேகமாகவும் ஓடும். ஆனால் அதுவும் சுவரிலிருக்கும் பிளக்கில்தான் சொருகப்பட வேண்டும். அதற்கு ஏசி மின்சாரம் கொடுக்க வண்டியில் தனி இன்வெர்ட்டர் வேண்டியதுதான். பெயர் ஒன்று, பொருள் இரண்டு.

அப்படியானால் அந்த வகை ஃபிரிட்ஜால் என்ன லாபம்? நிறைய இருக்கிறது.

கம்ப்ரசர் கிளம்பும் அந்த ஒரு நொடி

நின்றுபோன காரைத் தள்ளியவர்களுக்குத் தெரியும். முதல் அசைவுக்கு நான்கு பேர் மூச்சைப் பிடித்துத் தள்ள வேண்டும். உருள ஆரம்பித்துவிட்டால் ஒருவரே போதும். பழைய வகைக் கம்ப்ரசரின் மோட்டாரும் அப்படியே. ஓடும்போது 120 வாட்தான், ஆனால் அசையாமல் நிற்கும் நிலையிலிருந்து கிளம்பும்போது அதைப் போல ஐந்தாறு மடங்கை ஒரு கணம் இழுக்கும். இதைத் தொடக்க இழுப்பு என்று வைத்துக்கொள்வோம். ஆறு மடங்கு என்றால் 720 வாட்.

வீட்டில் இது நம் கண்ணுக்கே படாது. வண்டியிலோ இதை 12 வோல்ட் பேட்டரியிலிருந்து எடுக்க வேண்டும். வாட்டை வோல்ட்டால் வகுத்தால் ஆம்பியர், அதாவது வயருக்குள் ஓடும் மின்னோட்டத்தின் அளவு. ஓடும்போது 120 வாட் என்றால் 10 ஆம்பியர், இன்வெர்ட்டரில் வீணாவதையும் சேர்த்தால் 11. கிளம்பும்போது அதுவே 65 ஆம்பியருக்கு மேல் போகிறது.

இங்கேதான் நண்பரின் வண்டிக்குள் எட்டிப் பார்க்க வேண்டும். பேட்டரியிலிருந்து இன்வெர்ட்டர் வரை அவர் இழுத்திருந்தது 4 சதுர மில்லிமீட்டர் வயர், போய்வர நாலரை மீட்டருக்கு மேல். அந்த நீளத்துக்கு அதன் மின்தடை ஏறக்குறைய 0.02 ஓம். 11 ஆம்பியர் ஓடும்போது அந்த வயரிலேயே 0.22 வோல்ட் போய்விடும், அது பரவாயில்லை. 65 ஆம்பியர் பாயும் நொடியில் 1.3 வோல்ட் போய்விடும். ராத்திரி இரண்டு மணிக்குப் பேட்டரி 12 வோல்ட்டுக்குக் கொஞ்சம் மேலே இருக்கிறது. திடீரென்று இவ்வளவு இழுத்தால் பேட்டரியே பதினொன்றரைக்குத் தாழும். வயரில் 1.3 போனால் இன்வெர்ட்டர் வாசலில் வந்து நிற்பது 10.2 வோல்ட். பல இன்வெர்ட்டர்கள் 10.5 வோல்ட் அளவில் "பேட்டரி காலி" என்று முடிவுகட்டி அணைந்துவிடும்.

அந்த நேரத்தில் பேட்டரியில் பாதிக்கு மேல் மிச்சம் இருந்தது. தொட்டியில் தண்ணீர் இருந்தும், குழாய் சின்னதாக இருந்ததால் குளியலறைக்கு வந்து சேரவில்லை. அவர் அதைத் தொட்டி காலி என்று நினைத்துவிட்டார்.

மேலே சொன்ன இன்வெர்ட்டர் கம்ப்ரசருக்கு இந்தத் தொல்லை அநேகமாக இல்லை. மெதுவாகக் கிளம்பி படிப்படியாக வேகமெடுப்பதால் தொடக்க இழுப்பு வெகுவாகக் குறைந்துவிடும். புதிதாக ஃபிரிட்ஜ் வாங்கப்போகிறவர் வண்டிக்கென்றால் தயங்காமல் இதைத்தான் எடுக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

வயர் பற்றி இரண்டு வார்த்தை. இன்வெர்ட்டரைப் பேட்டரிக்குப் பக்கத்திலேயே வையுங்கள். டிசி வயர் தடிமனாகவும் குட்டையாகவும் இருக்கட்டும், ஏசி வயர் எவ்வளவு நீண்டாலும் பரவாயில்லை. பேட்டரியின் பாசிட்டிவ் முனையிலிருந்து புறப்பட்ட உடனே, அதன் பக்கத்திலேயே, ஒரு ஃபியூஸ் கட்டாயம். 12 வோல்ட் ஷாக் அடிக்காதே என்று அசட்டையாக இருக்கிறார்கள். பேட்டரியின் இரு முனையும் உரசிக்கொண்டால் பாயும் மின்னோட்டம் ஒரு ஸ்பேனரைப் பழுக்கக் காய்ச்சிவிடும். தூங்கும் வண்டியில் தீ என்பது விளையாட்டில்லை.

சும்மா இருப்பதற்கும் கூலி

இனி, அநேகம் பேர் கணக்கிலேயே சேர்க்காத ஒன்று. இன்வெர்ட்டர் விழித்திருப்பதற்கே மின்சாரம் செலவாகும். ஃபிரிட்ஜ் ஓடாமல் நிற்கும்போதும், 'எப்போது கேட்பார்களோ' என்று அது தயாராகக் காத்திருக்கிறது. சிறிய இன்வெர்ட்டர்களில் இந்தக் காத்திருப்புச் செலவு 10 வாட்டைச் சுற்றி இருக்கும். 2,000 வாட், 3,000 வாட் இன்வெர்ட்டர்களில் 20, 30 வாட் என்று ஏறும்.

15 வாட் என்றே வையுங்கள். பார்க்க அற்பம்தான். ஆனால் 24 மணி நேரமும் ஒழுகுகிறது: 360 வாட்-மணி. 1,000 வாட்-மணி ஃபிரிட்ஜுக்குப் பக்கத்தில் இது மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். "எதற்கும் இருக்கட்டும்" என்று 3,000 வாட் இன்வெர்ட்டர் வாங்கி அதில் வெறும் ஃபிரிட்ஜை மட்டும் ஓட்டுபவர், ஒழுகும் குழாயோடு வாழ்கிறார். ஃபிரிட்ஜுக்கென்று அளவான இன்வெர்ட்டர் ஒன்று தனியாகவும், மற்ற பெரிய கருவிகளுக்கு வேண்டும்போது மட்டும் போடும் இன்னொன்றும் வைத்துக்கொள்வது நல்ல ஏற்பாடு.

சில இன்வெர்ட்டர்களில் 'சேவிங் மோட்' உண்டு. அது கண்ணை மூடிக்கொண்டு, அவ்வப்போது மட்டும் யாராவது கேட்கிறார்களா என்று எட்டிப் பார்க்கும். உள்ளே இருக்கும் சூட்டைப் பார்த்துக் கம்ப்ரசரைக் கிளப்பும் தெர்மோஸ்டாட் சுற்று கேட்பது மிகக் குறைந்த மின்சாரம் என்பதால் சில நேரம் அது கண்ணிலேயே படாமல் போகும். ஃபிரிட்ஜ் கிளம்பாது, உள்ளே பண்டங்கள் கெடும். இந்த வசதியைச் சோதித்துப் பார்க்காமல் நம்ப வேண்டாம்.

இன்வெர்ட்டரில் 'ப்யூர் சைன் வேவ்' என்று எழுதியிருப்பதையே வாங்குங்கள். அது தரும் அலை, வீட்டு மின்சாரம் மாதிரியே வழவழப்பாக ஏறி இறங்கும். 'மாடிஃபைட் சைன் வேவ்' படிக்கட்டு மாதிரி துள்ளித் துள்ளி வரும். அதில் கம்ப்ரசர் மோட்டார் அதிகம் சூடேறும், இரைச்சல் போடும், மின்னணுப் பலகை உள்ள ஃபிரிட்ஜ் என்றால் பழுதாகவும் வாய்ப்புண்டு.

ஒரு ராத்திரியைத் தாண்ட

மொத்தத்தைக் கூட்டலாம். ஃபிரிட்ஜ் 1,000 வாட்-மணி. இன்வெர்ட்டர் மாற்றித் தரும்போது பத்தில் ஒரு பங்கு வெப்பமாக வீணாகிறது, ஆக பேட்டரியிலிருந்து போவது 1,110. காத்திருப்புச் செலவு 360. மொத்தம் 1,470. கொஞ்சம் தாராளமான கணக்குதான், ஆனால் இந்த விஷயத்தில் தாராளமாக இருப்பது நல்லது. சராசரியாக மணிக்கு 61 வாட்-மணி.

மாலை ஐந்து மணிக்குப் பேனல் ஓய்ந்து, காலை ஒன்பது மணிக்கு உருப்படியாக வேலையைத் தொடங்குகிறது என்றால் இடையில் 16 மணி நேரம். அதற்கு 980 வாட்-மணி வேண்டும்.

பேட்டரி எவ்வளவு கொள்ளும் என்று பார்க்க வோல்ட்டையும் ஆம்பியர்-மணியையும் பெருக்கினால் போதும். 12 வோல்ட், 100 ஆம்பியர்-மணி என்றால் 1,200 வாட்-மணி. ஆனால் லெட் ஆசிட் பேட்டரியை அடிக்கடி பாதிக்குக் கீழே இறக்கினால் அதன் ஆயுள் வேகமாகக் குறையும். நாள் கணக்கில் அரைகுறையாகவே விட்டுவைத்தால் தகடுகளில் சல்பேட் படிந்து கெட்டியாகிவிடும், பிறகு அது முழுதாகச் சார்ஜே ஏறாது. ஆக நாம் எடுக்கக்கூடியது 600. ராத்திரிக்கு வேண்டியதோ 980. நண்பரின் பேட்டரி ஒன்று போதவில்லை, இரண்டு வேண்டும்.

லித்தியம் அயர்ன் பாஸ்பேட் என்ற வகை 12.8 வோல்ட். 100 ஆம்பியர்-மணிக்கு 1,280 வாட்-மணி, அதில் 80 சதவீதத்தைக் கவலையில்லாமல் எடுக்கலாம்: 1,024. ஒரு ராத்திரியை மயிரிழையில் தாண்டிவிடும். எடை பாதிக்கும் குறைவு, அதிக ஆம்பியர் இழுத்தாலும் வோல்ட் அவ்வளவாகச் சரியாது. அதனால் கம்ப்ரசர் கிளம்பும் நொடியையும் நன்றாகத் தாங்கும். உறைநிலைக்குக் கீழான குளிரில் மட்டும் இதைச் சார்ஜ் செய்யக் கூடாது.

ஆனால் மயிரிழை போதாது. மறுநாள் மேகம் மூடினால் என்ன செய்வது? ஒரு நாளைக்காவது பேனலை நம்பாமல் ஓட்டும் அளவுக்கு, அதாவது இந்தக் கணக்குக்கு 200 ஆம்பியர்-மணி லித்தியம் என்றால் நிம்மதியாகத் தூங்கலாம்.

ஒரு பகலில் மீட்க

200 வாட் பேனல் என்பது நன்றாகச் செங்குத்தாக விழும் வெயிலில், பேனல் 25 டிகிரி குளிர்ச்சியில் இருக்கும்போது தரும் அளவு. அப்படி வெயிலும் இருந்து பேனலும் குளிர்ந்திருப்பது அபூர்வம். கூரையில் காயும் பேனல் 60 டிகிரிக்குப் போனால் பத்தில் ஒரு பங்குக்கு மேல் குறைந்துவிடும். வண்டிக் கூரையில் படுக்கவைத்த பேனலுக்குக் காலையிலும் மாலையிலும் வெயில் சாய்ந்துதான் விழும். தூசி வேறு.

காலை முதல் மாலை வரை ஏறி இறங்கும் வெயிலையெல்லாம் சேர்த்து, 'உச்சி வெயில் இத்தனை மணி நேரம் அடித்ததற்குச் சமம்' என்று சொல்வார்கள். இதை முழு வெயில் மணி என்போம். நல்ல வெயில் நாளில் இது ஐந்து என்று கொள்ளலாம். மேகம், குளிர்காலம் என்றால் இரண்டாகவும் சுருங்கும். அதிலும் சூடு, தூசி, வயர் என்று போனது போக 70 சதவீதம் பேட்டரிக்கு வந்தால் நல்லது. 200-ஐ 5-ஆல் பெருக்கி 70 சதவீதம் எடுத்தால் 700 வாட்-மணி. வேண்டியது 1,470. நண்பரின் பேட்டரி பகல் முழுக்க வெயிலில் நின்றும் நிறையாமல் போனதற்குக் காரணம் இவ்வளவுதான். தேவையில் பாதிகூட உள்ளே வரவில்லை.

எதிர்த்திசையில் வகுத்தால் 420 வாட் பேனல் வருகிறது. அது வெயில் நாளுக்கான கணக்கு, ஃபிரிட்ஜுக்கு மட்டும். விளக்கு, மின்விசிறி, போன் எல்லாம் இனிமேல்தான். இடமிருந்தால் 600 போடுங்கள்.

பேனலுக்கும் பேட்டரிக்கும் நடுவில் சார்ஜ் கன்ட்ரோலர் இருக்கும். பேட்டரி அளவுக்கு மீறிச் சார்ஜ் ஆகாமல் காப்பது அது. இதில் பிடபிள்யூஎம் வகை பேனலை நேராகப் பேட்டரியோடு கோத்துவிடும். 18 வோல்ட்டில் நன்றாக வேலை செய்யும் 100 வாட் பேனல் பேட்டரியின் 13 வோல்ட்டுக்கு இழுக்கப்பட்டு, 72 வாட் அளவுக்கே தரும். எம்பிபிடி வகை அந்த அதிக வோல்ட்டை வீணாக்காமல் ஆம்பியராக மாற்றிக் கொடுக்கும். கூரை இடம் அளவானது என்பதால் வண்டிக்கு எம்பிபிடிதான் சரி.

நிழல் விஷயத்தில் மட்டும் ஏமாந்துவிடாதீர்கள். பேனலில் உள்ள செல்கள் சங்கிலி மாதிரி ஒன்றன்பின் ஒன்றாகக் கோக்கப்பட்டவை. தோட்டத்து ஹோஸை ஒரே இடத்தில் மிதித்தால் முழு ஓட்டமும் குறைகிற மாதிரி, ஒரு செல்லை ஒரு கிளையின் நிழல் முழுதாக மறைத்தால் பேனலின் மூன்றில் ஒரு பங்கே படுத்துவிடலாம். ஆனால் வண்டியை வெயிலில் நிறுத்தினால் உள்ளே சூடேறி ஃபிரிட்ஜ் அதிகம் ஓடும். பேனல் வெயிலைக் கேட்கிறது, ஃபிரிட்ஜ் நிழலைக் கேட்கிறது. நாள் கணக்கில் ஒரே இடத்தில் தங்குபவர்கள் வண்டியை மர நிழலில் விட்டு, மடக்குப் பேனல் ஒன்றை நீள வயரோடு வெயிலில் சாய்த்துவைப்பது இதற்கு அருமையான வழி. ஓடிக்கொண்டே இருப்பவர்களுக்கு என்ஜின் ஓடும்போது மின்சாரம் உண்டாக்கும் ஆல்டர்னேட்டரும் கைகொடுக்கும். அந்த மின்சாரத்தைப் பேட்டரிக்கு ஏற்ற வோல்ட்டில் கொடுக்க நடுவில் ஒரு டிசி-டிசி சார்ஜர் வேண்டும், அவ்வளவுதான்.

இன்னொரு முறை சுருக்கமாக: கிளம்பும் நொடிக்கு இன்வெர்ட்டரும் தடித்த வயரும், 16 மணி நேர ராத்திரிக்குப் பேட்டரி, செலவை மீட்கப் பேனல். ஒன்றின் குறையை மற்றொன்றால் அடைக்க முடியாது.

குளிரையே சேர்த்துவைக்கலாம்

எனக்கு இந்த விஷயத்தில் மிகவும் பிடித்தது இதுதான். மின்சாரத்தைப் பேட்டரியில் சேர்க்கிற மாதிரி குளிரைத் தண்ணீரில் சேர்க்கலாம், கூடுதல் செலவே இல்லாமல்.

ஒரு கிலோ பனிக்கட்டி உருகுவதற்கு 334 கிலோஜூல் வெப்பத்தை உறிஞ்சுகிறது. நம் கணக்கில் 93 வாட்-மணி வெப்பம். ஐந்து லிட்டர் தண்ணீரைப் பாட்டில்களில், விரிவதற்குக் கொஞ்சம் இடம் விட்டு ஊற்றி, மதியம் பேட்டரி நிறைந்து பேனல் சும்மா இருக்கும் நேரத்தில் ஃப்ரீசரில் உறையவிடுங்கள். பொழுது சாய்ந்ததும் கீழ்த்தட்டுக்கு மாற்றுங்கள். அவை உருகும்போது 465 வாட்-மணி வெப்பத்தை உள்ளேயே விழுங்கிவிடும். கம்ப்ரசர் ஒரு வாட்-மணி மின்சாரத்தில் அதைவிட அதிகமான வெப்பத்தை வெளியேற்றக்கூடியது என்பதால், மிச்சமாகும் மின்சாரம் அப்படியே 465 அல்ல, குறைவுதான். இருந்தாலும் ராத்திரிக் கணக்கில் கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு இருக்கும். கீழ்த்தட்டில் வெப்பமானி ஒன்றைப் போட்டுவையுங்கள். 4, 5 டிகிரிக்குள் இருந்தால் பண்டங்கள் பத்திரம்.

இதன் மறுபக்கமும் உண்டு. 30 டிகிரியில் இருக்கும் ஒரு லிட்டர் தண்ணீரை 4 டிகிரிக்குக் கொண்டுவர 30 வாட்-மணி வெப்பத்தை வெளியேற்ற வேண்டும். ஆறு பாட்டிலை ராத்திரி எட்டு மணிக்கு உள்ளே வைத்தால் அந்த வேலை முழுக்கப் பேட்டரி தலையில். அதையே காலை பத்து மணிக்கு வைத்தால் வெயில் பார்த்துக்கொள்ளும்.

வீட்டு ஃபிரிட்ஜ்தான் வேண்டுமா?

கேரவன்களுக்கென்றே வரும் கேஸ் ஃபிரிட்ஜ் உண்டு. அதில் கம்ப்ரசரே கிடையாது. கேஸ் சுடரின் சூட்டில் அம்மோனியாவை ஓடவைத்துக் குளிர்விக்கும். சத்தமே வராது. ஆனால் வண்டி சமதளத்தில் நிற்க வேண்டும், கொதிக்கும் வெயிலில் திணறும். அதை மின்சாரத்தில் ஓட்டினால் உள்ளே ஒரு ஹீட்டர்தான் எரிகிறது, மின்சாரத்தைத் தின்று தீர்த்துவிடும். சோலாருக்கு அது சரிவராது.

12 வோல்ட் கம்ப்ரசர் ஃபிரிட்ஜ் நேராகப் பேட்டரியில் ஓடும். இன்வெர்ட்டர் வேண்டாம், காத்திருப்புச் செலவு இல்லை, மாற்றுவதில் வீணாவதும் இல்லை. சாய்விலும் குலுக்கலிலும் ஓடுவதற்கென்றே செய்தது. விலைதான் அதிகம், உள்ளே இடமும் சிறியது. சின்ன வேன் என்றால் யோசிக்காமல் இதையே எடுக்கச் சொல்வேன். கூரை அகலமான பெரிய வண்டி, குடும்பம் முழுக்கப் பயணம் என்றால் வீட்டு ஃபிரிட்ஜ் நியாயமான தேர்வு. ஓடும்போது கதவு திறக்காமல் ஒரு கொக்கி, சுவரோடு சேர்த்து ஒரு பட்டை, பக்கங்களில் காற்றுப் போக இடைவெளி. இவை மூன்றும் அவசியம்.

எதையும் வாங்குவதற்கு முன் ஒரு வேலை செய்யுங்கள். பிளக்குக்கும் சுவருக்கும் நடுவில் சொருகும் வாட் மீட்டர் ஒன்றை மாட்டி, அந்த ஃபிரிட்ஜை வீட்டிலேயே இரண்டு நாள் ஓட்டிப் பாருங்கள். எத்தனை வாட்-மணி என்று அதுவே சொல்லிவிடும், ஹீட்டர் எரியும் நேரமும் தெரிந்துவிடும்.

நண்பர் முதலில் வயரைத்தான் மாற்றினார், இன்வெர்ட்டரைப் பேட்டரி பக்கத்துக்கு இழுத்துவந்து. அந்த ஒரு மாற்றத்திலேயே, நிறைந்த பேட்டரியோடு தொடங்கினால் இரண்டு மணிக்கு வந்த சத்தம் விடிகாலைக்குத் தள்ளிப்போனது. பிறகு கூரையில் இன்னும் இரண்டு பேனல் ஏற்றி 600 வாட் ஆக்கினார், பேட்டரி மாலைக்குள் நிறைய ஆரம்பித்தது. லித்தியம் பேட்டரி கடைசியாக வந்தது. ஃபிரிட்ஜ் மட்டும் அதே பழைய ஃபிரிட்ஜ்தான். இப்போதும் நடுச்சாமத்தில் 'டக்' என்று கிளம்புகிறது, இன்வெர்ட்டரின் விசிறி ஒரு சுற்றுச் சுற்றி அடங்குகிறது, அவர் புரண்டு படுத்துக்கொள்கிறார்.